பக்கத்து அட்டை

தன் துப்பாக்கியின் குழலை மாற்ற வேண்டும் என்று தனுஷ்கோடி முடிவு செய்தது, கோமளவல்லி அவனை முதல் தடவையாக ஜெயித்த அன்று.

கோமளவல்லி அவன் மனைவி.

சிறுமலை அடிவாரத்தில், மாந்தோப்புகளைத் தாண்டினால் ஒரு ரைபிள் கிளப் வரும். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. எதிரே ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேடு. மண்மேட்டுக்கு முன்னால் வரிசையாக அட்டைகளை மாட்டியிருப்பார்கள். பாயில் குப்புறப் படுத்து, பாயின்ட் டூ டூ துப்பாக்கியால் சுட வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் பத்து வட்டம். வட்டத்துக்கு ஒரு தோட்டாதான். நட்ட நடுவில் பட்டால் பத்து. கொஞ்சம் விலகினால் ஒன்பது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் வாழ்ந்தார்கள்.

தனுஷ்கோடி நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். கிளப் தொடங்கிய காலத்திலிருந்து உறுப்பினன். சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கிளம்பிவிட்டால் கோமளவல்லி வீட்டில் தனியாக இருப்பாள். அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். வாரம் முழுக்கப் பேசாத வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பேச ஆளில்லை.

ஒருநாள் அவன்தான் சொன்னான். "நீயும் வாயேன் கோமளா. காத்தாட உக்காந்துட்டு வரலாம்."

அவன்தான் அவளைப் பாயில் படுக்கவைத்தான். முழங்கையை எங்கே ஊன்றுவது, மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எப்படி மெதுவாக இழுப்பது என்று சொல்லிக்கொடுத்தான். கிளப்பின் பொதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பலர் கைபட்டு, கட்டையில் வார்னிஷ் போன துப்பாக்கி.

அதே துப்பாக்கியால் அவள் கிளப்பின் மாதப் போட்டியில் அவனை ஜெயித்தாள்.

அட்டைகளைக் கணக்குப் பார்த்துப் பலகையில் எழுதியபோது, அவள் முகத்தில் வெட்கம்தான் முதலில் வந்தது. "இவங்க சொல்லிக் குடுத்ததுதான்," என்று எல்லோரிடமும் சொன்னாள். தனுஷ்கோடி சிரித்தான். கை குலுக்கினான். அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவன்தான்.

மறுநாள் கிளப்பின் பயிற்சியாளர் ஜெசிந்தாவைத் தேடிப் போனான்.

ஜெசிந்தா அவனைவிடப் பத்து வயது இளையவர். போலீஸ் அணிக்காகச் சுட்டவர். தோளில் அடிபட்ட பிறகு போட்டிகளை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சில சமயம் அதையும் சொல்ல மாட்டார்.

"பேரலை மாத்தலாம்னு இருக்கேன் மேடம்," என்றான்.

"சரி."

"கம்பெனி போட்டு வந்த பேரல். வருஷக்கணக்கா சுட்டாச்சு. உள்ள தேஞ்சிருக்கு. திடீர் திடீர்னு ஒரு ஷாட் வெளிய ஓடுது."

"ஆமா. நானும் பாத்திருக்கேன். தேஞ்சிருக்கு."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"வெளிநாட்டுல போட்டிக்குன்னே தனியா செய்யிறாங்க. கனமான பேரல். அதைப் போட்டா என்ன ஆகும் மேடம்?"

"துப்பாக்கி பண்ற தப்பு போயிடும்."

"அப்புறம்?"

"மிச்சத் தப்பு தெரியும்," என்றார் ஜெசிந்தா.

*

குழல் வந்து சேர நாளானது. ரைபிள் சங்கத்தின் கடிதம், கலெக்டர் ஆபீஸ் அனுமதி, கஸ்டம்ஸ் என்று தனுஷ்கோடி அலைந்தான். சாலை போடும் வேலையில் அவன் காட்டாத பொறுமையை இதில் காட்டினான். கோயம்புத்தூரில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டு, பழைய குழலைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி வாங்கி வந்தான்.

இந்த நாட்களில் கோமளவல்லி அவனை இன்னும் இரண்டு தடவை ஜெயித்திருந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் கொட்டகையில் அவனிடம் வந்து கை நீட்டினார். "சார், நீங்கதானே கோமளா அக்கா வீட்டுக்காரர்?"

"ஆமா," என்றான் தனுஷ்கோடி.

வீடு வரும்வரை அந்தக் கேள்வி அவன் காதுக்குள்ளேயே இருந்தது. கிளப்புக்குக் கூரை போட்ட நாளில் தகரம் தூக்கியவன் அவன்.

புதிய குழலோடு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெசிந்தா துப்பாக்கியை வாங்கி ஓர் இரும்பு மேஜையின் மேல் வைத்தார். பட்டறைப் பிடி போல ஒன்று அதில் இருந்தது. துப்பாக்கியை அசையாமல் அதில் இறுக்கினார். மனிதன் கை படாமல் குழல் மட்டும் என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக. தனுஷ்கோடி கொண்டுவந்திருந்த தோட்டாப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டார். இந்த வகைத் துப்பாக்கியில் எல்லாக் குழலுக்கும் எல்லாத் தோட்டாவும் ஒத்துவராது. ஒரு பெட்டி சிதறியது. இன்னொன்று பரவாயில்லை. கடைசிப் பெட்டித் தோட்டாக்கள் அத்தனையும் ஒரே ஓட்டைக்குள் போயின. பட்டாணி ஒன்றை வைத்து அந்த ஓட்டையை மூடிவிடலாம்.

கொட்டகையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். கோமளவல்லி அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்குங்க," என்றாள். "ஒரே ஒரு தடவை நான் சுட்டுப் பாக்கட்டுமா?"

எல்லோர் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. "சுடு," என்றான்.

அவள் பாயில் படுத்தாள். புதுத் துப்பாக்கியின் கனம் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக ஒரு வட்டம், அடுத்த வட்டம் என்று சுட்டுக்கொண்டு போனாள். அட்டை வந்தது. பத்து வட்டத்திலும் நடுவில் ஓட்டை.

யாரோ கைதட்டினார்கள்.

"பேரல் அப்படி," என்றான் தனுஷ்கோடி. "யார் சுட்டாலும் இப்படித்தான் போகும்."

"ஆமாங்க, பேரல்தான்," என்றாள் அவள். அதை மனசாரச் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவனும் படுத்துச் சுட்டான். பத்தில் ஒன்று ஒன்பதாக விழுந்தது. முன்பென்றால் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பான். இன்று நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் அந்தத் துப்பாக்கியைத் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

*

மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆண், பெண் என்று பிரிக்காமல், எல்லோரும் சேர்ந்து சுடும் தேர்வு. அதிகப் புள்ளி எடுப்பவர் போகலாம்.

"நீங்கதான் போகப் போறீங்க," என்றாள் கோமளவல்லி, சாப்பாடு போட்டுக்கொண்டே. "இப்ப இருக்கிற பேரலுக்கு யாரும் கிட்ட வர முடியாது."

"நீ போட்டியில கலந்துக்கலையா?"

"பேர் குடுத்திருக்கேன். சும்மா. எல்லாரும் குடுக்கச் சொன்னாங்க."

சும்மா என்ற சொல்லை அவன் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சும்மா பெயர் கொடுத்து, சும்மா வந்து படுத்து, சும்மா ஜெயிப்பாள். அவனுக்குச் சும்மா வந்தது எதுவும் கிடையாது. குழலுக்கு அலைந்த அலைச்சல், தோட்டாவுக்கு அலைந்த அலைச்சல், வேலை முடிந்து வந்து தரையில் படுத்து வெறும் துப்பாக்கியைப் பிடித்துச் செய்யும் பயிற்சி. அவளோ நூலகம் விட்டு வந்து காபி போடுவாள், சீரியல் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சுடுவாள்.

ஒருவேளை ஜெசிந்தா அவளுக்குத் தனியாக ஏதாவது சொல்லித் தருகிறாரோ என்று தோன்றியது. தோன்றியதும் அது நிஜம்போலவே ஆகிவிட்டது. அடுத்த வாரம் பயிற்சி முடிந்ததும் நேராகக் கேட்டான்.

"மேடம், கோமளாவுக்குத் தனியா எதுவும் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

ஜெசிந்தா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை.

"இன்னைக்கு உங்க கடைசி ஷாட் எங்க போச்சு சார்?"

தனுஷ்கோடி யோசித்தான். "பத்துன்னு நினைக்கிறேன். ஒன்பதா இருக்குமோ. அட்டையைப் பாக்கணும்."

"அக்காவோட கடைசி ஷாட்?"

"பத்து. கொஞ்சம் மேல தள்ளி, வலதுபக்கம் தொட்டுக்கிட்டு."

"அதுக்கு முந்தினது?"

"அதுவும் பத்துதான். நட்ட நடுவுல."

ஜெசிந்தா பாயைச் சுருட்டி முடித்து, கயிறு கட்டி, ஓரத்தில் சாய்த்து வைத்தார். அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார் என்று தனுஷ்கோடி நினைத்தான். பதில் சொல்ல முடியாததால்தான் போகிறார் என்றும் நினைத்தான்.

*

தேர்வு நாளில் வானம் மூடியிருந்தது. காற்று இல்லை. சுடுவதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது.

குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கினார்கள். தனுஷ்கோடிக்கு ஐந்தாவது இடம். கோமளவல்லிக்கு அவனுக்கு இடப்பக்கம், நான்காவது. அதற்கு அப்பால் இன்பராஜ் என்ற கல்லூரி ஆசிரியர்.

"மாத்திக்கலாமா?" என்று கோமளவல்லி மெதுவாகக் கேட்டாள். "பக்கத்துல நான் இருந்தா உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?"

"எனக்கென்ன இடைஞ்சல்?"

ஒவ்வொருவர் பாய்க்குப் பக்கத்திலும் காலில் நிற்கும் சின்னத் தொலைநோக்கி உண்டு. சுட்டபின் தலையைத் திருப்பித் தன் அட்டையில் ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்த்துக்கொள்வதற்காக. அதை லேசாகத் தட்டிவிட்டால் பக்கத்து அட்டையும் தெரியும்.

முதல் அட்டையில் தனுஷ்கோடி அபாரமாகச் சுட்டான். புதுக்குழல் சொன்னபடி கேட்டது. தன் அட்டையைப் பார்த்தான். பிறகு தொலைநோக்கியைத் தட்டி அவளுடையதைப் பார்த்தான். அவளும் அபாரமாகச் சுட்டிருந்தாள்.

இரண்டாவது அட்டையிலும் அப்படியே. அவனுக்கு ஒரு ஒன்பது. அவளுக்கு ஒரு ஒன்பது. பல்லைக் கடித்துக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு அட்டை இருந்தது.

கடைசி அட்டையில் அவன் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இரண்டு தடவை தலையைத் திருப்பினான். ஒரு தடவை தன் ஓட்டைக்காக, ஒரு தடவை அவளுடைய ஓட்டைக்காக. கொஞ்ச நேரத்தில் முதல் தடவை தேவையில்லாமல் போய்விட்டது. தன்னுடையது பத்து என்று அவனுக்குத் தெரியும். பார்க்க வேண்டியது அவளுடையதை.

ஏழாவது வட்டம். அவள் துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்டது. அவன் இடப்பக்கம் உருண்டு தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். ஓட்டை நடுவில் இல்லை. கீழே, இடப்பக்கம், கோட்டைத் தாண்டி விழுந்திருந்தது. சந்தேகமில்லாத ஒன்பது.

அவன் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. வெகுநாளாகத் தண்ணீர் குடிக்காதவன் குடித்தது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே துப்பாக்கிமேல் படுத்தான். குறிபார்க்கும் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் அசையாமல் வந்து நின்றது. மூச்சை நிறுத்தினான். விரல் தானாக இழுத்தது. அவன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு தோட்டாவை விட்டதில்லை. வெடித்த அந்த நொடியிலேயே தெரிந்தது, நட்ட நடுவில் போயிருக்கிறது என்று.

தொலைநோக்கியைத் தன் அட்டைக்குத் திருப்பினான். ஏழாவது வட்டம் வெறுமையாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். வெறுமை.

தொலைநோக்கியை இடப்பக்கம் தட்டினான். கோமளவல்லியின் ஏழாவது வட்டத்தில் இப்போது இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று கீழே இடப்பக்கம். இன்னொன்று நட்ட நடுவில்.

*

பக்கத்து அட்டையில் சுட்டுவிடுவது இந்த விளையாட்டில் எப்போதாவது நடப்பதுதான். அதற்கு விதியும் உண்டு. சுட்டவனுக்கு அந்தத் தோட்டாவுக்குப் பூஜ்யம். பாதிக்கப்பட்டவர் எந்த ஓட்டை தன்னுடையது என்று சொல்ல முடியாவிட்டால், இரண்டில் உயர்ந்தது அவருக்கு.

நடுவராக வந்திருந்த பாலகுருசாமி அட்டைகளை மேஜைமேல் விரித்தார். சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள். தனுஷ்கோடி கொஞ்சம் தள்ளி நின்றான். ஜெசிந்தா தூணருகே நின்றார்.

"தனுஷ்கோடி சாருக்கு ஒரு ஷாட் போச்சு. அதுல ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் பாலகுருசாமி. "இப்ப அக்கா அட்டைதான் விஷயம். ஏழாவது வட்டத்துல பத்து ஒண்ணு, ஒன்பது ஒண்ணு. ரெண்டு ஓட்டையும் ஒரே அளவு. பாத்து யாரும் சொல்ல முடியாது. அக்கா, உங்களோடது எதுன்னு தெரியலைன்னா விதிப்படி பத்து உங்களுக்கு."

அவர் கூட்டிவைத்த கணக்கை எல்லோரும் பார்த்தார்கள். பத்து என்றால் கோமளவல்லி முதலிடம். ஒன்பது என்றால் அவளும் இன்பராஜும் சமம். சமம் வந்தால், பத்துக்குள்ளேயே இருக்கும் சின்ன உள்வட்டத்துக்குள் அதிகத் தோட்டா விட்டவருக்கு இடம். அதில் இன்பராஜ் முன்னால் இருந்தார்.

தனுஷ்கோடி அவள் முகத்தைப் பார்த்தான். பத்தை எடுத்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னான். அவள்மேல் உள்ள அன்பினால் அல்ல. எடுத்துக்கொண்டால் அது அவனுடைய தோட்டா. இந்த ஒரு ஜெயமாவது அவள் தானாக ஜெயித்ததாக இருக்காது. அவள் மாநிலப் போட்டிக்குப் போகட்டும். போகும் வழியெல்லாம் அது அவனுடைய பத்து.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் கோமளவல்லி. "ஒன்பதுதான் என்னோடது."

"எப்படிச் சொல்றீங்க?"

"விடும்போதே கை கொஞ்சம் இறங்கிடுச்சு. கீழ, இடதுபக்கம் போகுதுன்னு தெரிஞ்சுது. பாத்தேன். அங்கதான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது ஓட்டை வந்துச்சு."

"விதி உங்க பக்கம் இருக்கு அக்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

"தெரியலைன்னாதானே சார் விதி? எனக்குத் தெரியுதே."

பாலகுருசாமி ஒன்பது என்று எழுதினார். இன்பராஜ் அவளிடம் வந்து கும்பிட்டார். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெயித்தவரைவிட அவளைச் சுற்றித்தான் கூட்டம் இருந்தது.

தனுஷ்கோடி துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். தோற்றுக்கூட அவள்தான் ஜெயித்தாள் என்று தோன்றியது.

*

இருவரும் காரில் கிளம்பினார்கள். மாந்தோப்புகள் முடிந்து மெயின்ரோடு வந்தது.

"நல்லா சுட்டுக்கிட்டிருந்தீங்க," என்றாள் அவள். "உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும். அந்த ஒரு ஷாட் மட்டும் உங்க அட்டையில விழுந்திருந்தா நீங்கதான் முதல்."

"நீ ஏன் பத்தை வாங்கிக்கல?"

"அது என்னோடது இல்லையே."

"யார் கேட்டா? விதியே குடுக்குதே."

"நீங்க சுட்டதுங்க அது."

"அதான் வேண்டாம்னுட்டியா? நான் சுட்டதுங்கறதால?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "எல்லார் முன்னாடியும் பெரிய மனுஷி ஆகணும். அதானே? ஆயிட்டே."

கொஞ்ச தூரம் போனதும் அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். குடிக்காமல் மறுபடி மூடி வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலை மாற்றிக்கொண்டு சமையலுக்குப் போனாள். அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பும் அப்பளமும் செய்தாள். அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை நான் வரலைங்க," என்றாள்.

"ஏன்?"

"வீட்டுல வேலை கிடக்கு. துணியெல்லாம் அப்படியே சேர்ந்துபோகுது. நீங்க போயிட்டு வாங்க."

அவனுக்குத் தெரியும். வேண்டாம், வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றுகொண்டது. அது நிம்மதி போல இருந்தது.

"உன் இஷ்டம்," என்றான்.

அவள் இன்னொரு அப்பளத்தை எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

*

அதற்குப் பிறகு அவன் தனியாகத்தான் போனான்.

முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள். "அக்கா வரலையா?" வேலை இருக்கிறது என்றான். அடுத்த வாரமும் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கிளப்பின் பொதுத் துப்பாக்கியைப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எடுத்துச் சுட ஆரம்பித்தார். அவருக்கு அது சரிப்படவில்லை. குழல் தேய்ந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.

தனுஷ்கோடிக்கு இப்போது தலையைத் திருப்ப வேண்டிய அவசியமில்லை. சுடுவான். தன் அட்டையைப் பார்ப்பான். அடுத்ததைச் சுடுவான். புதுக்குழல் நன்றாகப் பழகிவிட்டது. அதற்குப் பொருந்தும் தோட்டாவையும் மொத்தமாக வாங்கிவைத்திருந்தான். புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. மாதப் போட்டியில் இன்பராஜையும் முந்தினான். பலகையில் அவன் பெயர் மேலே இருந்தது.

வீட்டில் கோமளவல்லி துணி துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் திரும்பி வந்ததும் கதவைத் திறப்பாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். "நல்லா இருந்துச்சு," என்பான். "சந்தோஷம்," என்பாள். முன்பென்றால் எந்த ஷாட் எங்கே போனது, காற்று எப்படி இருந்தது, மூச்சு எங்கே தப்பியது என்று சாப்பாடு முடியும்வரை இருவரும் பேசுவார்கள். இப்போது அவள் கேட்கவில்லை. அவன் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், வேலைக்கு வந்த ஒருவர் பேச்சைக் கேட்பதுபோல.

அது ஒருபக்கம் இருக்க, அவனுக்கு வேறொரு உறுத்தல் இருந்தது. அவள் வராமல் போனதால் கணக்கு முடியாமலே நின்றுவிட்டது. கடைசியாக இருவரும் ஒன்றாகச் சுட்டதில் அவன் அவளுக்குக் கீழே. பலகையில் எவ்வளவு மேலே ஏறினாலும் அந்தக் கடைசி நாள் அப்படியே இருந்தது. இன்று அவள் பக்கத்தில் படுத்திருந்தால் என்ன சுட்டிருப்பாள் என்று அவன் மனசுக்குள் ஒரு அட்டையை மாட்டிப் பார்ப்பான். அந்த அட்டையில் அவள் தப்பே செய்யவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று அவன் எடுத்ததெல்லாம் நடுவில் விழுந்தது. ஒரு அட்டை, அடுத்த அட்டை, மூன்றாவது. முப்பது வட்டத்திலும் முப்பது பத்து. கிளப்பில் அதுவரை யாரும் எடுக்காதது. அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் நம்பமுடியாமல் தானே இன்னொரு தடவை சரிபார்த்தார். எல்லோரும் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ டீ வாங்க ஆளனுப்பினார்கள்.

அவன் அந்த மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கொட்டகையின் கோடிக்குப் போனான். ஜெசிந்தா அங்கே உட்கார்ந்து ஒரு துப்பாக்கியின் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதைப் பாருங்க."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு அட்டைகளை வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"அருமையா இருக்கு சார்," என்றார். "இதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்ல."

"பேரல் செட் ஆயிடுச்சு."

"பேரலும் செட் ஆயிருக்கு. நீங்களும் நல்லா சுட்டிருக்கீங்க."

அவன் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். இவர் வாயிலிருந்து ஒருநாளும் வராத வார்த்தை. வந்தும்விட்டது. ஆனாலும் அவன் நகரவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

ஜெசிந்தா மறுபடி துணியை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளுங்க சார்."

"தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்க ரெண்டு பேரையும் ஆரம்பத்துல இருந்து பாத்திருக்கீங்க. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்."

"ம்."

அவன் அட்டைகளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிசெய்தான்.

"இப்ப நான் சுடுற மாதிரி சுட்டா," என்றான், "கோமளாவை நான் ஜெயிச்சிருவேனா?"

குழலுக்குள் போய்க்கொண்டிருந்த துணி நின்றது. ஜெசிந்தா அவனை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. கண்டிப்பும் இல்லை.

"அதான் எப்பவோ ஜெயிச்சுட்டீங்களே சார்," என்றார். "அக்கா இப்ப வர்றதில்லையே."

வெளியே டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். தனுஷ்கோடி எழுந்திருக்கவில்லை.